யாங்கோன் வாசிப்புக் குழு: அடுத்த நாவலை எப்படி முடிவு செய்வது?

தாம்வே வாசகி:
எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் நாங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒருமுறை தமிழ் நாவல் வாசிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பு முடிந்ததும் அதே பாயில் எங்கள் கூட்டம். முதலில் எடுத்தது ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு. 1964இல் வந்த நாவல், சின்னது, ஆனால் பேச எவ்வளவோ இருந்தது. லிஸி பெரியவளானதும் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்களே, அந்த இடம் வந்ததும் வயதான அம்மாக்கள் எல்லாம் அவரவர் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், அன்றைக்கு அதற்கு மேல் ஒரு பக்கம்கூட நகரவில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது அடுத்த நாவல் எது என்பதில் குழு இரண்டாக நிற்கிறது. பெரியவர்கள் பர்மாவைப் பற்றிய நாவல்தான் வேண்டும் என்கிறார்கள். இளையவர்களுக்கு அதில் மறுப்பு இல்லை, அவர்கள் கஷ்டம் வேறு. வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவார்கள், ஆனால் படித்ததெல்லாம் பர்மிய மொழியில். 1960களில் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் எழுத்து கோயில் வகுப்போடு சரி. ஒரு பெண் தன் புத்தகத்தில் வரிக்கு மேலே பென்சிலால் பர்மிய எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொண்டு வருகிறாள், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகுமாம், அப்படியும் வருகிறாள். கை தூக்கச் சொன்னால் பெரியவர்கள்தான் அதிகம், அவர்கள் பக்கம்தான் ஜெயிக்கும். பிள்ளைகள் அடுத்த மாதம் மெதுவாக நின்றுவிடுவார்கள். அவர்களைக் கைவிட எனக்கு மனசில்லை. நீங்கள் உங்கள் ஊரில் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

மோல்மேன்காரர்:
கை தூக்குவது வேண்டாம் அம்மா. நாவல் விஷயத்தில் தோற்றவர் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்.

ஆனால் பெரியவர்கள் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது மணிப்பூர் வழியாகவும் அரக்கான் வழியாகவும் நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் நடந்தே போனார்கள், அதை நேரில் பார்த்தவர்கள் இன்று அநேகமாக இல்லை. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததை விவரம் தெரிந்த வயதில் பார்த்தவர்களே இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இவர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒரு பர்மா நாவலை வாசிப்பதும் இவர்கள் போன பிறகு வாசிப்பதும் ஒன்றாகுமா?

புத்தம் வீடு பிடித்திருந்தால் அதே ஆசிரியரின் மா-னீ இருக்கிறது. அவர் பிள்ளைப் பருவத்தைப் பர்மாவில் கழித்தவர், யுத்தக் காலத்துப் பர்மாதான் கதைக்களம். வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயணமும் உண்டு. அது நாவல் இல்லை, அவரே ரங்கூனிலிருந்து கிளம்பிப் போன அனுபவம். அதிலிருந்து ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட ஒரு கூட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

மாண்டலே டீச்சர்:
ஐயா சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் அடுத்த புத்தகம் அதுவாக இருக்க வேண்டாம். நான் வகுப்பில் பார்ப்பது இதுதான்: நம் பிள்ளைகளுக்குக் கண்ணில் போகாத தமிழ் காதில் போகும். அதனால் வாய்விட்டு வாசித்தால் நிற்கிற நாவலா என்று பாருங்கள். வர்ணனையும் யோசனையுமாகப் பக்கம் பக்கமாகப் போகும் நாவல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கூட்டத்தில் வாசிக்கும்போது தூங்க வைத்துவிடும்.

கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் எடுத்துப் பாருங்களேன். 1976இல் வந்தது. ராஜாவுக்குப் பயந்து பெண்ணைக் காப்பாற்ற ஊரைவிட்டுத் தெற்கே ஓடி வந்த தெலுங்குக் குடும்பங்கள் காட்டை எரித்து, நிலம் திருத்தி, ஊராக்கின கதை. நூறு வயதைத் தாண்டிய ஒரு பூட்டிதான் அந்தக் கதையைச் சொல்கிறாள். வேறு ஊருக்கு வந்து, வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று வாழ்கிற நமக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? பர்மா என்ற பெயர் அதில் வராது, ஆனாலும் உங்கள் பெரியவர்கள் வாயைத் திறந்துவிடுவார்கள், நீங்கள் வேண்டுமானால் பாருங்கள். கரிசல் வட்டாரச் சொல் நிறைய வரும், அதற்குப் பயப்படாதீர்கள், ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஏதாவது இருந்தால் அவர்களே சொல்லித் தருவார்கள்.

தேர்வு செய்யும் முறைக்கு: பெரியவர்கள் மூன்று நாவல் கொண்டு வரட்டும். மூன்றிலும் முதல் இரண்டு பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். அந்த மூன்றில் எது என்பதை இளையவர்கள் மட்டும் சொல்லட்டும். பட்டியல் இவர்களுடையது, முடிவு அவர்களுடையது. யாரும் தோற்கவில்லை.

வியாசர்பாடித் தம்பி:
எங்கள் தாத்தா அறுபத்தி நாலில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர், அதனால் இந்தத் திரியை ஆசையாக வாசிக்கிறேன். யாராவது புயலிலே ஒரு தோணி என்று சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ப. சிங்காரத்தின் அந்த நாவல் மெடானும் பினாங்கும் யுத்தமுமாக நமக்கு ரொம்ப நெருக்கமானது, எனக்கு அதைவிடப் பெரிய நாவல் தமிழில் இல்லை. ஆனால் பழந்தமிழ் வரிகள் கதைக்குள் அப்படியே கலந்து வரும், மெல்ல வாசிக்கிறவர்களுக்கு இப்போது கொடுத்தால் சோர்ந்துவிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கொடுங்கள்.

புத்தகம் வேண்டுமென்றால் சொல்லுங்கள் அக்கா, இங்கிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். சர்மாவின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் தேடினால் எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றை நகல் போடாமல் வாங்கிவிடுவோம்.

தாம்வே வாசகி:
எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன முறை எனக்குச் சரியாகப் படுகிறது. மூன்றில் ஒன்றாக மா-னீ நிச்சயம் இருக்கும். பிள்ளைகள் வேறு எதைச் சொன்னாலும், ஐயா, கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தைச் சர்மாவுக்கு ஒதுக்கி ஒவ்வொரு பகுதியாக வாசிக்கிறோம். பெரியவர்களும் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றும் தோன்றுகிறது. இங்கே கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, போனால் ஃபோன் வெளிச்சத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதுதான் வழக்கம். அந்த வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பினால் பென்சிலோடு வரும் அந்தப் பெண் வீட்டில் கேட்டுக்கொண்டே வரியில் விரல் வைத்துத் தொடரலாம். நல்ல குரல் உள்ள இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன்.

தம்பி, கோபல்ல கிராமம் ஐந்து பிரதி, மா-னீ எத்தனை கிடைத்தாலும் வாங்கி வையுங்கள். பணம் எப்படி அனுப்புவது என்று தனியாக எழுதுகிறேன்.