கருப்பு ஷேலின் ரேனியம்–ஆஸ்மியம் வயதை எதைக் கொண்டு சரிபார்ப்பது?

படிவுப்பாறை மாணவன்:
வணக்கம். ஆக்சிஜன் குறைந்த கடலடிச் சேற்றில் சேரும் கரிமப்பொருள், கடல்நீரிலிருந்து ரேனியத்தையும் ஆஸ்மியத்தையும் பற்றிக்கொள்கிறது என்றும், ரேனியம்-187 சிதைந்து ஆஸ்மியம்-187 ஆவதைக் கொண்டு, பல மாதிரிகளின் ஐசோடோப்பு விகிதங்களை வரைபடத்தில் குறித்து வரையும் ஐசோக்ரான் கோட்டின் சாய்விலிருந்து ஷேல் (சேறு இறுகி உருவான பாறை) படிந்த காலம் கணக்கிடப்படுகிறது என்றும் படித்தேன். புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்துவிட்டால் அந்த வயதை ஏற்றுக்கொள்ளலாமா?

ஐசோக்ரான்:
கூடாது. தொடக்க ஆஸ்மியம் விகிதம் (படிந்தபோது ஆஸ்மியம்-188க்கு ஆஸ்மியம்-187 இருந்த விகிதம்) வேறுபட்ட இரண்டு மூலங்கள் கலந்தாலும் நேர்கோடு கிடைக்கும். அந்தச் சாய்வுக்கு வயது என்ற பொருள் கிடையாது. ஆகவே முற்றிலும் வேறான ஒரு கடிகாரத்துடன் ஒப்பிட்டாக வேண்டும். இதற்கு நான் முதலில் காட்டுவது கனடாவின் ஆல்பர்ட்டாவிலுள்ள எக்ஸ்ஷா படிவத்தைத்தான். டெவோனியன் காலத்தின் முடிவை ஒட்டிப் படிந்த அந்த ஷேலுக்கு, செல்பியும் கிரீசரும் 2005இல் வெளியிட்ட வயது 361.3 ± 2.4 மில்லியன் ஆண்டுகள். அதே படிவத்திலுள்ள எரிமலைச் சாம்பல் அடுக்கின் மோனசைட் என்ற கனிமம், யுரேனியம் ஈயமாகச் சிதைவதை அளக்கும் யுரேனியம்–ஈயம் முறையில் ஏறத்தாழ 363 மில்லியன் ஆண்டுகளைக் காட்டுகிறது. பிழை வரம்புக்குள் இரண்டும் ஒத்துப்போகின்றன. இந்த ஷேல் புதைந்து சூடேறி எண்ணெய் உருவான பின்பும் கடிகாரம் குலையவில்லை என்பது, என் பார்வையில், வயதைவிட முக்கியமான செய்தி.

இப்படி ஒப்பிடும்போது சிதைவு மாறிலியின் (அணுக்கள் சிதையும் வேகத்தைக் குறிக்கும் எண்ணின்) பிழையையும் சேர்த்துக்கொள்ள மறக்கவேண்டாம். ரேனியம்-187இன் அரை ஆயுள் ஏறத்தாழ 4,160 கோடி ஆண்டுகள் என்ற மதிப்பே, 1996இல் இரும்பு விண்கற்களைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டதாகும்.

ஆய்வகத்திலிருந்து:
ஒரு சொல் சேர்க்க விரும்புகிறேன். மாதிரியைக் கரைக்கும் விதமே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. ராஜதிராவகம் கரிமப்பொருளோடு நிற்காமல், நிலத்திலிருந்து அடித்துவரப்பட்ட பழைய களிமண் துகள்களில் உள்ள ஆஸ்மியத்தையும் வெளியேற்றிவிடுவதால் புள்ளிகள் சிதறுகின்றன. குரோமியம் டிரைஆக்சைடு கலந்த கந்தக அமிலத்தில், மூடி உருக்கிய கண்ணாடிக் குழாயில், 240 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் வைத்தால், கடல்நீரிலிருந்து வந்த பங்கே பெரும்பாலும் கரைகிறது. அதற்கு முன்பே, ரம்பம் அறுத்த தடங்களைத் தேய்த்து நீக்கிவிட வேண்டும். உலோகத்திலிருந்து ஒட்டும் ரேனியம் சிறிதளவாயினும் அளவீட்டைக் கெடுக்கும். வெயிலும் மழையும் பட்ட வெளிப்பாறையில் இவ்விரு தனிமங்களும் கசிந்துவிடுவதால், துளையிட்டு எடுத்த உட்பாறையே நம்பத்தக்கது.

படிவுப்பாறை மாணவன்:
மிக்க நன்றி. சாம்பல் அடுக்கே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

ஐசோக்ரான்:
மேலும் கீழும் உள்ள பாறைகளைக் கொண்டு எல்லை கட்ட வேண்டும். இந்தியாவின் விந்தியப் படிவத் தொகுதியில் கைமூர் குழு என்ற பாறை அடுக்குகளின் ஷேலுக்கு 2015இல் திரிபாதியும் சிங்கும் வெளியிட்ட வயது 1,210 ± 52 மில்லியன் ஆண்டுகள். கைமூர் மணற்பாறையை ஊடுருவிய மஜ்காவான் வைரப்பாறையின் (வைரம் தாங்கிய எரிமலைப் பாறையின்) வயது ஏறத்தாழ 1,073 மில்லியன். கீழேயுள்ள செம்ரி குழுவின் எரிமலைச் சாம்பல் பாறை ஏறத்தாழ 1,630 மில்லியன். இடைவெளி அகலமானதுதான், ஆயினும் ஷேலின் வயது அதற்குள்ளேயே அமைகிறது.

இறுதியாக, ஐசோக்ரான் தரும் தொடக்க ஆஸ்மியம் விகிதத்தையும் பாருங்கள். கடல்நீரின் மதிப்பு, புவி மூடகத்தின் 0.13க்கும் கண்ட மேலோட்டின் 1.4க்கும் இடையில்தான் இருக்க முடியும். இன்றைய கடலில் அது ஏறத்தாழ 1.06. கணக்கில் எதிர்மறை எண் வந்தால், கோடு எவ்வளவு நேராக இருந்தாலும், பாறையின் ஐசோடோப்பு அமைப்பு பிற்காலத்தில் குலைந்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.