வைஃபை திசை காணும் பலகை: 3 கிகாஹெர்ட்ஸ் விஎன்ஏ (கேபிள், ஆன்டெனாவை அளக்கும் கருவி) யாரிடமாவது உண்டா?

வணக்கம். வைஃபை சிக்னல் வரும் திசையைக் கண்டுபிடிக்க இரண்டு ஆன்டெனா பலகை ஒன்று செய்கிறோம். இரண்டு ஆன்டெனாவுக்கும் அலை வந்துசேரும் கட்ட (phase) வித்தியாசத்தை வைத்துத்தான் திசையைக் கணிப்போம். சேனல் 6, 2437 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12.3 சென்டிமீட்டர், ஆகவே ஆன்டெனா இடைவெளி ஏறத்தாழ அதில் பாதி, 6.1 சென்டிமீட்டர். இடைவெளியை அதற்கு மேல் கூட்டினால் ஒரே கட்ட வித்தியாசத்துக்கு இரண்டு திசை வந்துவிடும். இரண்டு ரிசீவருக்கும் லோக்கல் ஆசிலேட்டர் (ரிசீவரை டியூன் பண்ணும் அலையை உருவாக்கும் பகுதி) ஒன்றுதான். தனித்தனியே வைத்தால் ஒவ்வொரு தடவை டியூன் பண்ணும்போதும் கட்டம் மாறும்.

சிக்கல் கேபிளில்தான். ஆர்ஜி 316 என்ற மெல்லிய 50 ஓம் கேபிளில் 1 மில்லிமீட்டர் நீள வித்தியாசமே ஏறத்தாழ 4 பாகை கட்டப் பிழை. அளந்தே ஆகவேண்டும், 1.5 கிகாஹெர்ட்ஸோடு நிற்கும் நானோ விஎன்ஏ போதாது. கொழும்பில் வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் விஎன்ஏ வைத்திருப்பவர்கள் ஒரு மணித்தியாலம் தருவீர்களா? கருவியைச் சரிபார்க்கும் எஸ்எம்ஏ (சிறிய திருகு கனெக்டர்) கலிப்ரேஷன் கிட்டும் வேண்டும்.

புறக்கோட்டையில் ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பவர் ஸ்ப்ளிட்டர் எங்கே கிடைக்கும்? டிவி ஸ்ப்ளிட்டர் சரிவராது, அது 75 ஓம், எங்கள் கேபிள் 50 ஓம்.