ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறதா? மூக்கையும் பாருங்கள்

மருந்தாளர், செந்தூல்:

புகைமூட்டம் தொடங்கினால் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது இதுதான்: "ஒரு கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது, சொட்டு மருந்து கொடுங்க." கையில் போன மாதம் வாங்கிய குளோரம்பெனிக்கால் (கிருமிக்கொல்லிக் கண் சொட்டு மருந்து) புட்டி இருக்கும். போட்டால் இரண்டு நாள் நிற்கும், பிறகு மறுபடியும் பீளை. இரண்டு கண்ணும் அரித்து நீர் வந்தால் பெரும்பாலும் ஒவ்வாமை. ஒரே கண், மூக்கை ஒட்டிய முனையில் பீளை, அதே பக்கம் மூக்கடைப்பு என்றால் கண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். குழாய் அடைபட்டிருந்தால் சொட்டு மருந்து உள்ளே இறங்காது, கன்னத்தில் வழிந்துவிடும். இன்னொரு புட்டி விற்பதைவிட இதைச் சொல்லி அனுப்புவதுதான் சரி.

காது மூக்கு தொண்டை மருத்துவர், கோலாலம்பூர்:

இமை ஓரத்தில், மூக்குப் பக்க முனையில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஊசிமுனை அளவுத் துளைகள் உண்டு. அங்கிருந்து சுமார் 10 மி.மீ. நீள நுண்குழாய் கண்ணீர்ப் பைக்குப் போகிறது. பையின் அடியிலிருந்து இன்னொரு குழாய் எலும்புக் கால்வாய் வழியாக இறங்கி, மூக்கின் பக்கச் சுவரில் கீழ்ச் சதைமடிப்புக்கு அடியில் திறக்கிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால்தான்.

சைனஸ், அதாவது மூக்கைச் சுற்றிய எலும்புக்குள் உள்ள காற்றறைகளின் சளி கண்ணுக்கு ஏறிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கன்னச் சைனஸ் வேறு திறப்பு வழியாக, நடு மடிப்புக்கு அடியில் வடிகிறது. ஆனால் அதன் உட்சுவரை ஒட்டித்தான் கண்ணீர்க் குழாய் இறங்குகிறது. பைக்குப் பின்னால் கண்களுக்கு இடைப்பட்ட சைனஸ் அறைகள் இருக்கின்றன. குழாயின் சுவரில் உள்ள இரத்த நாளப் பின்னல் மூக்குச் சதைமடிப்போடு தொடர்ச்சியாக இருப்பதால், மூக்கு வீங்கும்போது இதுவும் வீங்கி வழியை நெரிக்கிறது. தேங்கிய கண்ணீரில் கிருமி பெருகுகிறது. பல தடவை வீங்கி வீங்கி ஆறினால் தழும்பு கட்டி நிரந்தர அடைப்பாகிவிடும். நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு இது கூடுதல், அவர்களுடைய குழாய் இயல்பிலேயே குறுகல்.

கண் பிரிவுத் தாதி, பினாங்கு:

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கண்முனைக்குக் கீழே சிவந்து, வலியோடு, சூடாக வீங்கினால் தயவுசெய்து பிதுக்காதீர்கள். சீழ் சுற்றியுள்ள திசுவுக்குப் பரவும். கோடாலித் தைலமும் மஞ்சளும் அந்த இடத்தில் பூச வேண்டாம். எரிச்சலில் கண்ணீர் கூடும், அடைபட்ட பை இன்னும் நிறையும். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து 10 நிமிடம், ஒரு நாளில் 4 தடவை ஒத்தடம் போதும். அன்றே கிளினிக்குப் போங்கள். இந்த நிலைக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் வேண்டும். சீழ் இருக்கும்போது, அடைப்பைக் கண்டறியக் கண்ணீர்க் குழாய்க்குள் நீர் செலுத்திப் பார்க்க மாட்டார்கள், அது தணிந்த பிறகுதான்.

அவசரப் பிரிவுக்கே போக வேண்டியவை: கண் முன்னால் தள்ளியிருப்பது, அசைத்தால் வலி, இரட்டையாகத் தெரிவது, பார்வை மங்கல். சைனசுக்கும் கண் குழிக்கும் நடுவே இருக்கும் எலும்பு தாள் போல மெல்லியது. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு மூக்கில் கறுப்பு நிறப் பொருக்கு தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது.

வீக்கம் கண்முனைக்கு மேலே இருந்தாலோ கண்ணீரில் இரத்தம் கலந்தாலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்தாளர், செந்தூல்:

அக்கா சொன்ன தீவிர நிலை தணிந்த பிறகு மூக்கைக் கவனிப்பது பற்றி. மூக்கு வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைப் பெரும்பாலோர் நேராக நடுச்சுவரில் அடிக்கிறார்கள். மூக்கில் இரத்தம் வருவது அதனால்தான். தலையைச் சற்றுக் குனிந்து, வலது துளைக்கு இடது கையால் பிடித்து, முனையை அதே பக்கக் காதை நோக்கித் திருப்பி அடிக்க வேண்டும். ஆழமாக உறிஞ்ச வேண்டாம், தொண்டைக்குப் போய்விடும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். உடனே மூக்கைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு வேறு. ஒரு வாரத்துக்கு மேல் போனால் அடைப்பை அதுவே உண்டாக்கும்.

மூக்கைக் கழுவ: அயோடின் சேர்க்காத உப்பு 3 தேக்கரண்டி, சமையல் சோடா 1 தேக்கரண்டி கலந்து வையுங்கள். 240 மி.லி. நீருக்கு அதில் 1 தேக்கரண்டி. நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. மூக்கு கழுவும் புட்டியில் ஊற்றி மெதுவாக அழுத்துங்கள்.

புதிய உறுப்பினர், பட்டர்வொர்த்:

கைக்குழந்தைகளுக்குப் பீளை கட்டுவதும் சைனசால்தானா?

கண் பிரிவுத் தாதி, பினாங்கு:

இல்லைம்மா. குழாயின் கீழ்முனையில் ஒரு சவ்வு திறக்காமல் இருப்பதால் வருவது. விரலால் கண்முனையை அழுத்திக் கீழ்நோக்கி 5 முதல் 10 தடவை, நாளுக்கு 3, 4 வேளை தடவுங்கள். நகம் வெட்டியிருக்கட்டும், கை கழுவியிருக்கட்டும். ஒரு வயதுக்குள் ஏறக்குறைய 90 விழுக்காட்டினருக்குத் தானாகத் திறந்துவிடும். கண்ணில் தாய்ப்பால் ஊற்ற வேண்டாம். பிறந்ததுமே கண்முனையில் நீலம் பாய்ந்த வீக்கம் இருந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே காட்டுங்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர், கோலாலம்பூர்:

நிரந்தர அடைப்புக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. பைக்கும் மூக்குக்கும் இடையே எலும்பில் புதிய வழி திறக்கிறோம். வெளித்தோலைக் கீறியும் செய்யலாம், மூக்கு வழியாக எண்டோஸ்கோப் (கேமரா உள்ள மெல்லிய குழாய்) வைத்தும் செய்யலாம். சிலருக்குச் சிலிக்கோன் குழாய் வைத்து, பொதுவாக 6 வாரம் முதல் 3 மாதத்துக்குள் எடுத்துவிடுவோம். சைனஸ் வீக்கத்தைக் கவனிக்காமல் செய்தால் புதிய துளையும் தழும்பால் மூடிக்கொள்ளும், ஆகவே முதலில் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை அறுவைக்குத் தேதி வாங்கியவர்களும் பீளை இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பையில் உள்ள கிருமி கண்ணுக்குள் போனால் பார்வையே போய்விடும்.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். பிறகு எப்போதாவது சிந்தும்போது கண்முனையில் காற்று வந்தால் பயப்பட வேண்டாம், வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்.