தூண் பிளக்கும் காட்சிக்கு யோசனை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் ஊர்க்காரர்களே சேர்ந்து பிரகலாதன் நாடகம் போடுகிறோம். படுதா, விளக்கு, சாமான் என்று மேடைக்குப் பின்னால் எல்லாம் என் பொறுப்பு.

சிக்கல் தூணில்தான். மூங்கில் பிளாச்சில் கூடு கட்டி, காடாத் துணி ஒட்டி, வண்ணம் அடித்திருக்கிறோம். இரணியன் ஓங்கி அடித்ததும் அது இரண்டாகப் பிரிய வேண்டும். ஒத்திகையில் ஒரு பாதி சட்டென்று திறக்கிறது, மறுபாதி இழுகயிற்றில் சிக்கிக்கொண்டு அசையவே மாட்டேன் என்கிறது. உள்ளே நரசிம்மர் வேடக்காரர் முகமூடியோடு வியர்த்து வழிகிறார், பாவம். அடியில் கீல் வைக்கலாமா? காந்தக் கொக்கி தாங்குமா? வெடி, மத்தாப்பு மட்டும் சொல்லாதீர்கள். கீற்றுப் பந்தல், ஒரு பொறி விழுந்தால் போச்சு.

நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகங்களில் மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் அவசியம் சொல்லுங்கள். இந்தக் காட்சியின் நுணுக்கம் உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், படுதா இழுக்க விடிய விடியக் கண் விழிக்கக்கூடிய இரண்டு பேர் தேவை. சாப்பாடு, தங்க இடம் எங்கள் பொறுப்பு. தூணின் படம் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.