புதுப்பிப்பு: குடலிறக்க ஆபரேஷன் முடிந்து 12 நாள்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: வலது தொடை இடுக்கில் குடலிறக்கம் (தசையில் விழுந்த ஓட்டை வழியே குடல் பிதுங்குவது), லேப்ராஸ்கோபியா (சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்வது), திறந்து செய்வதா என்று. லேப்ராஸ்கோபிதான் செய்துகொண்டேன். தொப்புளருகே ஒன்று, அதற்குக் கீழே இரண்டு, மொத்தம் மூன்று சின்னத் துளைகள். ஓட்டையை அடைக்க உள்ளே வலை வைத்திருக்கிறார்கள்.

லேப்ராஸ்கோபிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம்தான். திறந்து செய்தால் முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ முடிக்கலாம். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் முதலிலேயே பேசிவிடுங்கள்.

யாரும் எனக்குச் சொல்லாதது தோள்வலி. வயிற்றில் ஆபரேஷன், தோளில் ஏன் வலி? உள்ளே செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) உறுத்துவதால்தானாம்; அந்த வலி தோளில் தெரியுமாம். இரண்டு நாளில் போய்விட்டது.

மூன்றாம் நாள்தான் நிஜமாகவே பயந்தேன். விதைப்பை வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மருத்துவருக்கு ஃபோன் செய்தால், "ரத்தம் கீழே இறங்கித் தேங்கியிருக்கு, சகஜம். இறுக்கமான ஜட்டி போடுங்க" என்றார். இப்போது மஞ்சளாக மங்கிவிட்டது. இருமல் வந்தால் மட்டும் வயிற்றில் அழுத்திக்கொள்ள இன்னும் தலையணையைத் தேடுகிறேன்.

மாத்திரையில் சரியாகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகாது, தசையில் விழுந்த ஓட்டை தானாக மூடாது. வலியில்லாத சின்ன வீக்கமென்றால், ஆண்களுக்குச் சில சமயம் பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஆனால் உள்ளே தள்ள முடியாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

தண்ணீர் கேன் தூக்க எனக்கு ஆறு வாரம் தடை. மகன் முனகிக்கொண்டே தூக்குகிறான்.