மறு: மரங்களை இனம் பிரிக்கும் ‘கீ’க்குத் தமிழ்ச்சொல்: ‘கவைச்சுட்டி’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தாவர நூல்களில், ஒவ்வொரு படியிலும் இரண்டு பண்புகளில் ஒன்றைத் தேர்ந்து ஒரு செடியின் பெயரை எட்ட உதவும் பட்டியலை ‘டைகாட்டமஸ் கீ’ என்பார்கள். அதற்கு நம் உரையாடலில் இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன: திறவுகோல், இனங்காட்டி, இலங்கை நண்பர் எடுத்துக்கொடுத்த இணைக்கவர்ச்சுட்டி. சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் முடிவுக்கு வர முடியாது. ஒரு வேலையில் இறக்கிப் பார்ப்போம்.

மஞ்சள் பூ பூக்கும் நான்கு மரங்களை எடுத்துக்கொள்கிறேன்: சரக்கொன்றை, இயல்வாகை என்றும் பெருங்கொன்றை என்றும் சொல்லப்படும் பெல்டோஃபோரம், சென்னா சயாமியா, சென்னா ஸ்பெக்டாபிலிஸ். இவற்றில் பின்னுள்ள மூன்றையும் மக்கள் ‘மஞ்சள் கொன்றை’ என்கிறார்கள். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை அடைத்துக்கொண்டு பரவும் அயல் மரம் ஸ்பெக்டாபிலிஸ். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்பும் வேலை நடக்கிறது. தமிழ்ச் செய்திகளில் அதுவும் வெறும் ‘மஞ்சள் கொன்றை’தான். அதைப் படித்துவிட்டு ஒருவர் தன் தெருவில் நிழல் தரும் இயல்வாகையைச் சந்தேகமாகப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இனம் பிரிக்கும் வழி அவர் மொழியில் இல்லை என்பதுதான் குறை.

அந்த வழியைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

1அ. ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில் சிற்றிலைகள். மொட்டில் துருநிற மயிர் — இயல்வாகை
1ஆ. ஒரே ஈர்க்கில் நேராகச் சிற்றிலைகள். மொட்டில் துருநிறம் இல்லை — 2க்குப் போக

2அ. பூங்கொத்து சரமாகக் கீழே தொங்கும். நெற்று கறுத்த நீள் உருளை, தானாக வெடிக்காது — சரக்கொன்றை
2ஆ. பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும் — 3க்குப் போக

3அ. சிற்றிலையின் நுனி மழுங்கியது. நெற்று தட்டை — சென்னா சயாமியா
3ஆ. சிற்றிலையின் நுனி கூரானது. நெற்று உருண்டை — சென்னா ஸ்பெக்டாபிலிஸ்

இப்போது சொற்களுக்கு வருகிறேன். மேலே இருப்பதைத் ‘திறவுகோல்’ என்று சொன்னால் என்ன புரிகிறது? பூட்டு நினைவுக்கு வரும், கணினிக்காரர்களுக்கு மறையாக்கம் நினைவுக்கு வரும். ஒவ்வொரு படியிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து நகர்கிறோம் என்பது அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. ஆனால் இந்த முறையின் உயிரே அதுதான். 1778ஆம் ஆண்டு எனத் தேதியிட்ட தன் பிரெஞ்சுத் தாவர நூலில் இயற்கை அறிஞர் லமார்க் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியதும் அதற்காகத்தான்: வகைப்பாட்டை முழுக்கக் கற்காதவரும் எதிரெதிரான இரண்டு பண்புகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே போனால் பெயரை எட்டிவிடலாம். ‘இனங்காட்டி’ அழகான சொல். ஆனால் படம் போட்ட கையேடும் இனங்காட்டிதான், கைபேசிச் செயலியும் இனங்காட்டிதான்.

இணைக்கவர்ச்சுட்டி இலங்கைப் பாடநூல்களில் ஏற்கெனவே புழங்குவது. பொருளும் கச்சிதம். கவர் என்றால் கிளைத்துப் பிரிவது. ஒரே சிக்கல், தமிழ்நாட்டில் ‘கவர்’ என்றதும் கடித உறைதான் நினைவுக்கு வருகிறது. அதனால் அந்தச் சொல்லின் எலும்பை அப்படியே வைத்துக்கொண்டு ‘கவைச்சுட்டி’ என்று ஆக்கலாம் என்பது என் பரிந்துரை. முள் அள்ளும் கவைக்கோலை அறிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கவை என்றாலே பொதுவாக இரண்டாகப் பிரிவதுதான், ‘இரு’ என்று தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. எங்காவது மூன்றாகப் பிரிந்தால் முக்கவை என்றுவிடலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது உறுப்புகளுக்கும் பெயர் கிடைத்துவிடுவது. எதிரெதிரான இரண்டு வரிகள் சேர்ந்த ஒரு படியை ஆங்கிலத்தில் ‘கப்லெட்’ என்பார்கள், அது நமக்குக் கவை. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வரியும் ‘லீட்’, அது நமக்குக் கிளை. ‘இரண்டாம் கவையில் முதல் கிளை பொருந்தவில்லை’ என்று எழுதிப் பாருங்கள், தடையில்லாமல் ஓடுகிறது. எந்தப் பண்பிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய கணினி வகைகளுக்குப் ‘பலவாயில் சுட்டி’ என்று நீட்டலாம்.

‘கவைக்கு உதவாது’ என்ற வழக்கு இருக்கிறதே, இழிவாகத் தொனிக்காதா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். அந்த வழக்கில் பழிப்பு உதவாத பொருளுக்குத்தான், கவைக்கு இல்லை. ‘சுட்டி’ இணைய இணைப்பையும் குறிக்கிறதே என்ற கேள்வி இதைவிட வலுவானது. ஆனாலும் முன்னே ‘கவை’ இருக்கும்போது குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

அப்புறம், சொல் நல்லதாக அமைந்தாலும் கிளைகளில் எழுதும் வாசகம் சரியில்லையென்றால் பயன் இல்லை. ‘இலை பெரியது, இலை சிறியது’ என்று எழுதக் கூடாது. எதைவிடப் பெரியது என்பது மரத்தடியில் ஒற்றை இலையோடு நிற்பவருக்குத் தெரியாது. இரண்டு கிளைகளும் ஒரே உறுப்பைப் பற்றியே பேச வேண்டும். நெற்றை மட்டும் நம்பக் கூடாது, பாதி ஆண்டு அது மரத்தில் இருக்காது. மூன்றாம் கவையில் இலை நுனியைச் சேர்த்தது அதனால்தான். பாடநூலின் ‘இருமுறை சிறகு வடிவக் கூட்டிலை’ துல்லியமானது என்றாலும், முதல் கவையில் ஈர்க்கு என்று எழுதியதையே நான் ஆதரிப்பேன். வேப்பிலை ஈர்க்கையும் முருங்கை ஈர்க்கையும் கையில் உருவியவர்கள் அந்த வேறுபாட்டை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் கவையில் இன்னொரு பண்பையும் சேர்க்க ஆசை. சரக்கொன்றைப் பூவில் கீழ்ப்பக்கத்து மூன்று மகரந்தத்தாள்கள் மட்டும் நீண்டு, வளைந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சென்னாவில் அந்த இழைகள் குட்டையானவை. பழைய நூல்களில் சரக்கொன்றையும் இந்த இரண்டு சென்னாக்களும் காசியா என்ற ஒரே பேரினம். 1982இல் தாவரவியலாளர்கள் இர்வினும் பார்னபியும் சென்னாவைத் தனியாகப் பிரித்தபோது இந்த வளைவும் முக்கியமான பண்பாக இருந்தது. பழைய நூல் வைத்திருப்பவர்கள் சயாமியாவைக் காசியாவின் கீழ்தான் தேட வேண்டும். பூங்கொத்து தொங்குகிறதா நிமிர்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரிவதால் அதை முதலில் வைத்தேன். கீழே ஒரு பூ உதிர்ந்து கிடந்தால் இந்த வளைவு போதும்.

அடுத்து மந்தாரைக்கு ஒரு கவைச்சுட்டி எழுதத் தொடங்கியிருக்கிறேன். மந்தாரைப் பேரினமான பாகினியாவில், பர்ப்பூரியா என்ற இனத்தில் மகரந்தம் தரும் வளமான தாள் வழக்கமாக மூன்று, இதழ்கள் குறுகி விலகி நிற்கும். வேரிகேட்டா என்ற இனத்தில் ஐந்து, இதழ்கள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று படியும். ஹாங்காங் தன் சின்னமாகக் கொண்ட பிளேக்கியானா கலப்பினத்திலும் வழக்கமாக ஐந்துதான், ஆனால் அது காய்ப்பதில்லை. ‘காய்ப்பதில்லை’ என்பதை ஒரு கிளையில் எழுதலாமா? பூத்து நிற்கும் நாளில் அதைச் சரிபார்க்க முடியாதே. பூவையும் மொட்டையும் மட்டும் வைத்து வேரிகேட்டாவையும் பிளேக்கியானாவையும் பிரிக்கும் பண்பு தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதற்கு முன் ‘கவை’, ‘கிளை’ இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்