கலைச்சொல்: கண்ணேணியில் தொங்கும் கால்வளையத்துக்கு என்ன பெயர்?

அன்பின் நண்பர்களுக்கு,

கேட்டது ஒரு சொல். மூன்று நாளில் ஐந்து வந்துவிட்டன, அதில் இரண்டுக்குச் சண்டையும் வந்துவிட்டது. ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருளைப் பார்க்காமலே பாதிப் பேர் பெயர் வைத்துவிட்டீர்கள். அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்காரர்கள் வில்லோடு மரத்தில் ஏறி மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அவர்களில் ஒரு சாரார் பரண் இருக்கையை விட்டுவிட்டு, இடுப்பையும் தொடையையும் சுற்றி அகலமான பட்டி அணிந்து, மேலே கட்டிய கயிற்றில் பிணைத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்தபடி சாய்ந்து உட்காருகிறார்கள். ஏறுவதற்கு முழுநீள ஏணி கொண்டுபோவதில்லை. அரை மீற்றர், முக்கால் மீற்றர் நீளத்தில் படி நீட்டிய உலோகத் துண்டுகள் மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக மரத்தில் கயிறிட்டு இறுக்கி ஏறுவார்கள். துண்டுகளை எட்ட எட்டக் கட்டினால் கால் எட்டாது. அதற்காக ஒவ்வொரு துண்டின் அடியிலும் நாடாவாலோ கயிற்றாலோ ஒரு வளையம் தொங்கும். சிலரிடம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு, மூன்றுகூட இருக்கும். அதில் கால் வைத்து எழும்பினால் துண்டின் படி எட்டிவிடும். நான்கு துண்டு சுமக்கவேண்டிய இடத்தில் மூன்றோடு போய்விடலாம். ஆங்கிலத்தில் அதை ‘எய்டர்’ (aider) என்பார்கள். நான் தமிழ்ப் பெயர் கேட்டது அந்த வளையத்துக்கு.

“மான் வேட்டை நமக்கு எதற்கு?” என்று இருவர் கேட்டிருந்தீர்கள். எதற்கும் இல்லை. இலங்கையில் மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேல் யானை சுட்டதாகச் சொல்லப்படும் வெள்ளைக்கார அதிகாரி மேஜர் ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் கதை அதோடு போகட்டும். நமக்கு வேண்டியது ஏறும் முறை மட்டும். கண்டி, மாத்தளைப் பக்கம் கராம்பு பறிக்கிறவர்களுக்கும், தேயிலைத் தோட்டத்தில் நிழல் மரக் கொப்பு கழிக்கிறவர்களுக்கும் ஒரு பக்கத்தில் பாதுகாப்பு அட்டை தயாரிக்கிறோம். கராம்புக் கொப்பு எப்படிச் சளாரென்று முறியும் என்று ஏறினவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் பாசி பிடித்த அடிமரமும் அப்படித்தான், சொல்லிவிட்டு வழுக்காது.

உலோகத் துண்டுக்குக் கண்ணேணி என்பதில் ஒருவரும் மறுப்புச் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். மூங்கில் கணுவில் கிளைத் துண்டை விட்டு வெட்டி, அதையே படியாக மிதித்து ஏறும் ஒற்றைக்கால் ஏணிக்குக் கண்ணேணி என்று பெயர். பழைய பெயர் மால்பு. குறுந்தொகையின் 273ஆம் பாட்டில், பெருந்தேன் இருக்கிற மலையில் பழைய மால்பின் நிலை அறியாமல் ஏறிய மடவன் ஒருவன் வருகிறான். ஏறுமுன் ஏணியைச் சோதி என்று அட்டையில் முதல் வரியாக எழுதப்போகிறோம். அவனுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, பாவம்.

இனி வந்த சொற்கள்.

> எய்டர் என்றே எழுதிவிடுங்கள், எல்லாருக்கும் விளங்கும்.

கடன்சொல்லுக்கு நான் எதிரி இல்லை. பெரட்டும் (‘பரேட்’, காலையில் ஆள் கணக்கெடுப்பது) கொந்தரப்பும் (‘கொன்ராக்ட்’) தோட்டத்து நாக்கில் உருண்டு தமிழாகிவிட்ட சொற்கள்தான். ஆனால் ‘எய்டர்’ என்று அச்சிட்ட மாதிரித் தாளை லயத்தில் ஒரு அக்காவிடம் நீட்டினேன். “இது எய்ட்ஸுக்கு ரத்தம் பாக்குறதா தம்பி?” என்றார். அந்தச் சொல்லை அன்றே கைவிட்டேன்.

> பாத உதவி

மன்னிக்கவும். இதைப் பார்த்தால் எனக்கு முதலுதவிப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலச் சொல்லை நடுவே பிளந்து இரண்டு பக்கமும் தமிழ் ஒட்டினால் அதற்குக் கலைச்சொல் என்று பேர் வராது.

> கால்வார்

சுருக்கமாக, அழகாக இருக்கிறது. ஆனால் இருபது அடி உயரத்தில் நிற்கிறவனுக்குக் கொடுக்கிற பொருளுக்கு, காலை வாரிவிடுகிற பெயர் வேண்டாம்.

> தளைநார். தம்பி, எங்கட பனை ஏறுற ஆக்களிட்ட இருக்கிற சொல்லை விட்டிட்டு ஏன் புதுசு தேடுறியள்?

வடமராட்சி ஐயா, இது ஒன்றுக்குத்தான் நான் இரண்டு நாள் தயங்கினேன். இருக்கிற சொல்லை எடுப்பது எப்போதும் நல்லது என்பதில் நானும் உங்கள் கட்சி. ஆனால் தளைநார் செய்கிற வேலை வேறு. அது இரண்டு பாதத்தையும் ஒன்றாகச் சேர்த்து, மரத்தை இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. ஏறுகிறவரோடு சேர்ந்து தானும் ஏறுகிறது. நம்முடைய வளையம் ஏணியில் தொங்குகிறது, ஒரு நேரத்தில் ஒரு கால்தான் அதற்குள் போகும். அந்தக் கால் எளிதாக வெளியே வரவும் வேண்டும். வளையத்துக்குள் கணுக்கால் மாட்டிக்கொண்டு மற்றக் கால் நழுவினால் ஆள் தலைகீழாகத் தொங்குவார். தளை என்றாலே கட்டு, விலங்கு. சொல்லைக் கேட்டு யாராவது இரண்டு காலையும் உள்ளே விட்டால், அந்தப் பழி அட்டை எழுதினவன்மேல் விழும்.

> அங்கவடி. மலையேறிகள் பயன்படுத்தும் பிரெஞ்சுச் சொல்லுக்கும் அதுதானே பொருள்?

கோயம்புத்தூர் நண்பர் சொன்ன வரலாறு சரி. இந்த வளையம் பாறை ஏறுகிறவர்களிடமிருந்து வந்தது. அவர்கள் இதை ‘எத்ரியே’ என்பார்கள், குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடிக்குப் பிரெஞ்சில் அதே சொல். இலங்கைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்குக் காதுக்குள் இருக்கும் ஏந்தியுரு நினைவிருக்கும், அந்த எலும்புக்கும் அந்த வடிவத்தால்தான் பெயர். ஆனால் எங்கள் பக்கத்தில் நுவரெலியா ஓட்டத் திடலைத் தாண்டினால் குதிரை ஏது? அங்கவடி என்றால் என்ன என்று விளக்க ஒரு படம், பிறகு அந்தப் படத்தில் இருப்பது மரத்தில் எங்கே என்று காட்ட இன்னொரு படம். அகராதிக்குப் போகட்டும், அட்டைக்கு வேண்டாம்.

என் முன்மொழிவு: மிதிவார்.

மிதிவண்டியில், மிதிபலகையில் இருக்கிற அதே மிதி. இடைவாரில், செருப்பு வாரில் இருக்கிற அதே வார். மிதிப்பதற்கான வார். ‘இரட்டை மிதிவார்’, ‘மிதிவாரை இறக்கு’, ‘மிதிவாரில் கால் வை’ என்று வாக்கியத்துக்குள் முனகாமல் உட்காருகிறது.

நான் ஒரு சொல்லைச் சோதிப்பது இப்படித்தான்: மூடுபனியில் மேலே ஒருவர் நிற்கிறார், முகம் தெரியவில்லை, கீழேயிருந்து கத்திச் சொல்லவேண்டும். துவிச்சக்கர வண்டி என்று அரச கடிதத்தில் எழுதுகிறோம், ‘டேய், துவிச்சக்கர வண்டி வருது, விலகு’ என்று யாரும் கத்தியதில்லை. அட்டையில் வரப்போகும் வாக்கியங்களைப் போடுகிறேன், நீங்களும் கத்திப் பாருங்கள் (சுற்றுக்கயிறு என்பது இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிப் போடுகிற கயிறு):

“சுற்றுக்கயிற்றைத் தரையிலேயே மாட்டு.”

“கண்ணேணியைக் கட்டினதும் கீழ்நோக்கி இழுத்து இறுக்கு. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துப் பார்.”

“மிதிவாரில் நடுப்பாதம் வரை வை. நுனிக்கால் போதாது.”

“இடுப்பை மரத்தோடு ஒட்டி வை. மிதிவாரை நேர் கீழே மிதி, வெளியே உதைக்காதே.”

கடைசி வரிக்குக் காரணம் சொல்லவேண்டும். மிதிவார் ஊஞ்சல் போன்றது. இடுப்பு மரத்தைவிட்டு விலகினால் கால் முன்னே போய்விடும், உடம்பு பின்னே சாயும், பாரம் முழுக்கக் கைக்கு வந்துவிடும். அதோடு பாரம் பக்கவாட்டில் இழுத்தால் கண்ணேணியும் அசையப் பார்க்கும். நேர் கீழே மிதித்தால் கட்டு மரத்தை இன்னும் கடிக்கும். வளையத்தின் அடிப்பகுதியில் விறைப்பான நாடாவோ குழாய்த் துண்டோ வைத்துத் தைப்பதும் இதற்காகத்தான். வாய் திறந்தபடி இருந்தால் கால் தேடாமல் உள்ளே போகும்.

ஏறும்போது மிதிவார் கண்முன்னே இருக்கிறது. இறங்கும்போது அதைக் காலால் தேடவேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு கண்ணேணியைக் கட்டி, இறங்குவதை மட்டும் அரைமணி நேரம் பழக்கினார். ஏறச் சொல்லவே இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. பிறகுதான் விளங்கிற்று.

இன்னொன்று, சுற்றுக்கயிற்றை நம்பி மட்டும் ஏறக்கூடாது. மின்கம்பம் ஏறுகிறவர்கள் இடுப்பில் சுற்றுகிற அதே கயிறுதான் இது. பின்னால் விழாமல் தாங்கும், ஆனால் கால் வழுக்கினால் மரத்தோடு சறுக்கி இறங்குவதைத் தடுக்கும் என்று சொல்லமுடியாது. அதனால் தலைக்குமேல் இன்னொரு தாங்குகயிறு. கொப்பைத் தாண்டும்போது அதை மாட்டிய பிறகுதான் சுற்றுக்கயிற்றைக் கழற்றவேண்டும். தாங்குகயிற்றில் போடும் முடிச்சுக்குப் புரூசிக் என்று அதை 1931இல் அறிமுகப்படுத்திய ஆஸ்திரியரின் பெயர். ஆளின் பெயருக்குத் தமிழ் தேடவேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

உங்கள் மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

— அட்டனிலிருந்து

* * *

தம்பி,

தளைநார் பற்றிச் சொன்னது சரி, நான் விட்டுத்தாறன். ஆனால் மிதிவார் எண்டால் வருவார், போவார் மாதிரி வினைமுற்றுப் போலக் கிடக்கே? வாசிக்கிற ஆள் ‘யார் மிதிவார்?’ எண்டு கேக்கமாட்டாரோ?

— வடமராட்சி

* * *

ஐயா, மிதி என்ற வினைக்கு எதிர்காலம் ‘மிதிப்பார்’. ‘மிதிவார்’ என்று எவரும் சொல்வதில்லை, ஆகவே அந்த இடம் காலியாக இருக்கிறது. நாம் போய்க் குடியேறலாம்.

— அட்டன்

* * *

அண்ணே, வணக்கம். ஒரு சந்தேகங்க. நீங்க அனுப்புன வீடியோவுல ஒருத்தர் இரும்புக் கம்பிவடத்துல வளையம் போட்டிருக்காரு. அது வார் ஆகுமா? மிதிவடம்னு வச்சா எல்லாத்துக்கும் பொருந்தாதா?

— மாத்தளை

* * *

நல்ல கேள்வி தம்பி. வடம் என்றதும் எனக்குத் தேர் வந்துவிடுகிறது. தடித்து, நீண்டு, பத்துப் பேர் இழுப்பது. அரைஞாண் வெள்ளியில் வந்தபோதும் அதை ஞாண் என்றுதான் சொன்னோம், நூல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அதுபோல நாடாவோ கயிறோ கம்பியோ, மிதிவார் என்றே இருக்கட்டும். வகை சொல்லவேண்டிய இடத்தில் ‘கம்பி மிதிவார்’ என்று எழுதிக்கொள்ளலாம்.

— அட்டன்

* * *

அன்பின் நண்பர்களுக்கு,

நேற்று மாத்தளைத் தம்பியோடு ஒரு கராம்புத் தோட்டத்துக்குப் போனேன். முப்பது வருடமாக ஏறுகிறவர் ஒருவர், அட்டையைத் தம்பி வாசிக்கக் கேட்டார். கண்ணேணிக்குத் தலையாட்டினார். சுற்றுக்கயிற்றுக்குத் தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். மிதிவாருக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஏறிப் பார்க்கிறேன் என்று ஏறினார். இறங்கும்போது கால் காற்றில் துழாவியது. மேலேயிருந்து கத்தினார்: “மிதி எங்கடா? மிதியக் காட்டு!”

வாரை அவர் விட்டுவிட்டார். அட்டையில் ஒருமுறை மிதிவார் என்று முழுதாக எழுதி, மற்ற இடங்களில் மிதி என்றே போட்டுவிட்டேன். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பிறகு அச்சகம்.

அடுத்தது அந்த இடுப்புப் பட்டி. ஆங்கிலத்தில் அதை ‘சாடில்’ (saddle) என்பதால் சேணம் என்று எழுதியவர்களே, சேண வேட்டை என்றால் குதிரைமேல் போகிற வேட்டை ஆகிவிடும். பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற ஏணையை வைத்து ‘அரையேணை’ என்று ஒன்று எனக்குத் தோன்றுகிறது. கத்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

— அட்டன்